மேல்மண்

2006 பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா நெய்வேலி நிலக்கரி நிறுவனத்திலிருந்து (என்.எல்.சி.) பணி ஓய்வு பெற்றதும், அதன் நகரியத்தில் 19ஆம் வட்டத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, நகரியத்துக்கு வெளியே இந்திரா நகரில் கட்டிய வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் நாட்களிலிருந்து எங்களுக்குக் கீரை கொண்டுவரும் ஆயா, தேடி விசாரித்து இந்த வீட்டுக்கும் வரத் தொடங்கியிருந்தார். சித்திரை, வைகாசியில் பலாப்பழம், தையில் பனங்கிழங்கு, மற்ற நாளெல்லாம் அரைக்கீரையும் முளைக்கீரையும். கூடையை இறக்கிவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. காதில் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் வேப்பங்குச்சி செருகியிருந்தார்.

"காது ஏன் ஆயா வெறுமனே இருக்கு?"

"கண்ணுக்குப் போயிடுச்சி பாப்பா."

சுருக்குப்பையை அவிழ்த்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். கண் ஆபரேஷன் செய்துகொண்ட சீட்டு. அதன் மூலையில் விரல் அகல ஒட்டுத்தாள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பெட்டியோடு வரும் ஒட்டுத்தாள் அது. பவர் +21.5, லாட் எண், காலாவதித் தேதி, கம்பெனிப் பெயர். என் கம்பெனி. கூடவே பின் செய்திருந்த பில்லில் 'லென்ஸ் 6,500' என்று எழுதியிருந்தது.

அந்த 6,500 என்கிற எண்ணைப் பத்து மாதத்துக்கு முன்பு எழுதியவள் நான்.

அப்போது சென்னையில், மருத்துவக் கருவிகளை இறக்குமதி செய்து விற்கும் கம்பெனி ஒன்றில் ப்ராடக்ட் எக்ஸிகியூட்டிவாக இருந்தேன். மடித்து உள்ளே செலுத்தும் லென்ஸ் ஒன்றை 2005இல் புதிதாக இறக்கினோம். பழைய கெட்டி லென்ஸின் வட்டம் ஆறு மில்லிமீட்டர். அதை வைக்கக் கண்ணில் ஏறக்குறைய அந்த அளவுக்கே வெட்ட வேண்டும். மடக்கும் லென்ஸ் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டின் வழியே உள்ளே போய் விரிந்துகொள்ளும். நல்ல பொருள். இன்றும் அந்த லென்ஸைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. விலைப் பட்டியலைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி எனக்குத் தெரிந்த பகுதி என்பதால் அங்கிருந்தே தொடங்கச் சொன்னார்கள்.

குடோனுக்கு வந்துசேரும்போது லென்ஸின் அடக்கவிலை 950 ரூபாய். எங்கள் லாபத்தைச் சேர்த்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு 1,500. அவர் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது 2,000. இதுவரைக்கும் கணக்கு நேராகப் போனது. சும்மா ஏறியதும் இல்லை. கண்ணுக்குக் கண் பவர் மாறும். +10 முதல் +30 வரை அரை அரை டயாப்டராக எண்ணினால் 41 வகை. யாருக்கு எது தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் எல்லா வகையிலும் இரண்டிரண்டு, அதிகம் போகும் +20, +21, +22 ஆகியவற்றில் பத்துப் பத்து என்று ஆஸ்பத்திரி பீரோவில் எங்கள் செலவில் அடுக்கிவைக்க வேண்டும். பயன்படுத்திய லென்ஸுக்கு மட்டும்தான் பில். பணம் கைக்கு வர தொண்ணூறு நாள். விற்காமல் காலாவதியானால் நஷ்டம் எங்களுக்கு. பத்து வாங்கினால் இரண்டு இலவசம் என்று ஸ்கீம் வேறு. 950 என்பது 2,000 ஆனதில் இத்தனையும் அடங்கியிருக்கிறது. அதை நியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன்.

சிக்கல் எம்.ஆர்.பி.யில் வந்தது. 2,000க்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற பொருளின் மேல் 2,800, மிஞ்சிப்போனால் 3,000 என்று அச்சடிக்கலாம் என எழுதிவைத்திருந்தேன். விழுப்புரத்து டிஸ்ட்ரிபியூட்டர் அதைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"மேடம், பர்ச்சேஸ்ல கேக்கற முதல் கேள்வி உங்க ரேட் என்னன்னு இல்ல. எம்.ஆர்.பி. என்னன்னுதான். மத்த கம்பெனிங்க அஞ்சரை, ஆறுன்னு போட்டிருக்காங்க. நீங்க மூணு போட்டா யாரு எடுப்பா?"

நான்கு பேர் ஒரே பொருளை விற்றால் விலை இறங்கும் என்று பி.காம்.மில் படித்தவள் நான். இங்கே நான்கு கம்பெனிகள் முட்டிமோதியதில் விலை ஏறிக்கொண்டிருந்தது. வாங்குகிற ஆஸ்பத்திரிக்கு 2,000க்கும் அட்டையில் உள்ள விலைக்கும் நடுவில் இருப்பது வருமானம். அந்த இடைவெளி எந்தக் கம்பெனியில் பெரிதோ அந்த லென்ஸ் பீரோவுக்குள் போகும். தேர்ந்தெடுப்பவர் பணம் கட்டுவதில்லை. பணம் கட்டுபவர் கண்ணில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் போட்டி அவருக்காக நடக்கவே இல்லை.

6,500 என்று எழுதினேன். அதோடு, ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் வைக்க ஓர் அட்டையும் தயாரித்துக் கொடுத்தேன். மூன்று வரிசை. மேலே சாதா லென்ஸ், நடுவில் எங்களுடையது, கீழே பத்தாயிரத்தைத் தாண்டும் வெளிநாட்டு லென்ஸ். நடுவில் இருப்பதுதான் அதிகம் போகும் என்பது விலை போடுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்கு. மலிவானதை எடுத்தால் குறைச்சலாக இருக்கும், விலை கூடியதற்கு வசதி இல்லை, ஆகவே நடுவில் இருப்பது.

திண்ணையில் ஆயா சொன்னது இது: "மூணு லென்சு காட்டுனாங்க பாப்பா. நடுவுல உள்ளத எடுத்துக்கிட்டேன். கம்மியா உள்ளது போதும்னு சொல்லத்தான் நெனச்சேன். நம்ம கண்ணுக்கு நாமளே கொறச்சல் பண்ற மாதிரி இருந்துது."

அவருடைய இன்னொரு கண்ணுக்குச் சில வருஷம் முன்பே இலவச முகாமில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதில் இருப்பது கெட்டி லென்ஸ். அந்தக் கண்ணால்தான் இத்தனை வருஷமாகக் கீரைக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை முகாம் தள்ளிப்போயிற்று, மகன் ஒப்பந்த வேலைக்குப் போகிறவன், லீவு கிடைக்காது, ஊருக்கே ஆஸ்பத்திரி வண்டி வந்து கூப்பிட்டது, ஏறிவிட்டார். தோட்டை மந்தாரக்குப்பத்தில் அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டியிருக்கிறார்.

நகரியத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வைத்தியத்தின் விலை தெரியாது. இதை வெட்கத்தோடு எழுதவில்லை, உள்ளதை எழுதுகிறேன். எங்களுக்குக் காய்ச்சலோ கைமுறிவோ வந்தால் என்.எல்.சி. பொது மருத்துவமனை. அப்பா நிரந்தரத் தொழிலாளி என்பதால் சீட்டைக் காட்டினால் போதும், மருந்து வரும். அம்மாவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோதுகூட வீட்டில் யாரும் தொகை பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மரம் அடர்ந்த சாலை, வரிசை வீடுகள், ஷிப்டுக்கு ஷிப்டு ஓடும் பஸ், இதோடு சேர்ந்த இயல்பான ஒன்றாகத்தான் ஆஸ்பத்திரியும் எனக்கு இருந்தது. நகரியத்தின் நுழைவு வளைவைத் தாண்டினால் வேறு உலகம் என்பது ஆயாவின் காதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனைக்கும் விலை போடுவதே என் வேலை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார். முதல் சுரங்கத்தில், பெரிய சக்கரத்தில் வாளி வாளியாக வைத்து மண்ணை வழித்தெடுக்கும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். ஆயா போன பிறகு கேட்டார்.

"நெலக்கரி மேல என்ன இருக்கும் பாப்பா?"

"மேல்மண்."

"ஒரு டன் கரிக்கு அஞ்சாறு மடங்கு மண்ணு அள்றோம். அடியில தண்ணி அழுத்தம், அத ராவும் பகலும் எறைக்கணும். எல்லாம் செலவுதான். ஆனா அன்னன்னிக்கி ரிப்போர்ட்டுல மண்ணு தனி, கரி தனின்னு எழுதிருவோம். ஒங்க லென்சுல கரி எவ்வளவு, மண்ணு எவ்வளவுன்னு எழுது பாக்கலாம்."

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். 950. 1,500. 2,000. 6,500. அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை ரொம்ப நேரம் பார்த்தார். 2,000க்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"இதுக்கு மேல உள்ளது எங்கயும் எழுதாத மண்ணு" என்று சொல்லிவிட்டுத் தாளை என்னிடமே கொடுத்தார். நெய்வேலியைச் சுற்றி மண்மேடுகள் மலை மாதிரி நிற்கும். அள்ளிய மண் எங்கே கொட்டப்பட்டது என்பது ஊருக்கே தெரியும்.

அந்தத் தாளைப் பர்ஸில் வைத்துக்கொண்டுதான் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

அந்த லென்ஸ் வந்த கதையையும் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் முதன்முதலில் செயற்கை லென்ஸ் வைத்தவர் ஹெரால்ட் ரிட்லி என்கிற ஆங்கிலேய மருத்துவர். 1949 நவம்பரில், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த அக்ரிலிக் சில்லுகள் கண்ணைப் புண்ணாக்காமல் அப்படியே இருந்ததைக் கவனித்து வந்த யோசனை அது. அதற்குப் பிறகும் நாற்பது வருஷம் நம் ஊர்க் கிழவன் கிழவிகளுக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடிதான். புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைக்காமல் அனுப்பினால் அந்தக் கனத்த கண்ணாடி இல்லாமல் வாசல் தெரியாது. என் அப்பாவைப் பெற்ற ஆயாவும் அப்படித்தான் இருந்தார். கண்ணாடி உடைந்த அன்றைக்கு மறுபடி குருடு. லென்ஸ் வெளிநாட்டில் இருந்தது, 100 டாலரை ஒட்டி விலை இருந்தது. ஏழைகளுக்கு அதை வைப்பது கட்டுப்படியாகாது என்று பெரிய நிபுணர்களே நம்பிய காலம்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அதை ஏற்கவில்லை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி அரசுப் பணியில் ஆயிரமாயிரம் கண்களுக்கு ஆபரேஷன் செய்தார். 58 வயதில் ஓய்வு பெற்றதும் 1976இல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அதன் துணையாக ஆரோலேப் வந்தது. லென்ஸை மதுரையிலேயே செய்து சுமார் 10 டாலருக்குக் கொடுத்தார்கள். பின்னால் அதுவும் இறங்கியது. இதை நன்கொடைப் பணத்தில் விற்ற விலை என்று நினைத்துவிடக் கூடாது. ஆரோலேப் தன் வருமானத்தில் தானே நிற்கிறது, நூற்றுக்கும் மேலான நாடுகளுக்கு அனுப்புகிறது. நாங்கள் அடக்கவிலையிலிருந்து மேலே மேலே போனோம். அவர்கள் படுத்திருப்பவரால் எவ்வளவு முடியும் என்பதில் தொடங்கி, அந்த விலைக்குள் எப்படிச் செய்வது என்று கீழே இறங்கி வந்தார்கள். எங்கள் ரேட் மீட்டிங்குகளில் ஆரோலேப் என்கிற பெயர் அடிக்கடி வரும், 'அவங்க கதை வேற' என்று ஒருவர் சொல்ல அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

கதை வேறு இல்லை. அரசாங்கம் வாங்கும் இடத்திலும் இதே மாதிரி விலை இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் அமைந்தது. டெண்டரில் தரத்துக்கு ஒரு கவர், விலைக்கு ஒரு கவர். தரம் தேறியவர்களில் யார் குறைவோ அவருக்கு ஆர்டர். அந்தக் கவருக்குள் வைக்க நாங்களே மிகக் குறைந்த விலையைப் பிசைந்து பிசைந்து கணக்குப் போட்டிருக்கிறோம். அதே கம்பெனி, அதே கால்குலேட்டர். வாங்குகிறவரும் பணம் கொடுக்கிறவரும் ஒருவராக இருந்த இடத்தில் எங்களுக்கு இறங்கத் தெரிந்தது.

2006 ஏப்ரலில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு அதே 2,000, அட்டையில் 3,000. ஒரு மாவட்டத்தில் மூன்று மாதம் பார்க்கலாம் என்று மேலதிகாரி ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷர், அவருக்கும் உள்ளே உறுத்தல் இருந்திருக்கும். அந்த மாவட்டத்தில் எங்களிடம் வாங்கியவை பதினொரு ஆஸ்பத்திரி. ஆனி முடிவதற்குள் ஏழு நின்றுவிட்டன. யாரும் சண்டை போடவில்லை. பீரோவில் எங்கள் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி வேறு கம்பெனி லென்ஸை முன்னால் அடுக்கினார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் பக்கம் ஒரு நியாயமும் சொன்னார்கள், அதையும் எழுதியாக வேண்டும். மெஷின் லட்சக்கணக்கில், தியேட்டர் செலவு, நர்ஸ் சம்பளம், கரன்ட் பில் எல்லாம் இருக்கிறது, டாக்டர் ஃபீஸை உயர்த்தினால் ஆள் வராது, லென்ஸில்தான் ஈடுகட்ட முடியும் என்றார்கள். செலவு உண்மைதான். அப்படியானால் அதைத் தியேட்டர் செலவு என்றே பில்லில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. அப்படி எழுதினால் நோயாளி நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். லென்ஸின் பெயரில் ஏற்றினால், அது கண்ணுக்குள் போகிற பொருளின் தரம் என்று நினைத்துத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

பதினொன்றில் ஒரே ஒருவர், சிறிய கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா, 3,000 என்பதைக் கரும்பலகையில் எழுதிவைத்தார். அவருக்கு மாதம் ஆறேழு லென்ஸ்தான் போகும். ஆடியில் பழைய அட்டை திரும்பிவிட்டது. நான் 2008 வரை அங்கே இருந்தேன். பிறகு விற்கும் பக்கத்தை விட்டுவிட்டு, அறக்கட்டளை ஆஸ்பத்திரிகளுக்குக் கருவி வாங்கிக் கொடுக்கும் பக்கம் வந்துவிட்டேன்.

ஆயாவிடம் அம்மா மூலமாகப் பணம் கொடுத்து அனுப்பினேன். வாங்கவில்லை. கட்டாயப்படுத்தியதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பலாப்பழத்துக்கு அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சித்திரையிலிருந்து இரண்டு வருஷத்துக்கு எங்கள் வீட்டில் பழம் ஓயவில்லை. கணக்கை அவரே விரல்விட்டு எண்ணி, தீர்ந்தது என்று ஒரு நாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

2017 பிப்ரவரி 13 அன்று இரவு டி.வி.யில் இதய ஸ்டென்ட் செய்தி ஓடியது. தேசிய மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு வைத்துவிட்டது. மருந்து தடவாத ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து தடவியது 29,600 ரூபாய், வரி தனி. அதற்கு முன்பு மருந்து தடவிய ஸ்டென்ட்டின் சராசரி விலை 1,21,400. ஆணையம் கம்பெனிகளிடமிருந்து கணக்கை வாங்கிப் பார்த்தபோது, ஏற்றத்தில் பெரும்பங்கு கடைசிப் படியான ஆஸ்பத்திரியில் நடந்திருப்பது வெளியே வந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "கோடு போட்டுட்டாங்களா?" என்றார். ஆகஸ்ட்டில் முழங்கால் மாற்றுக் கருவிகளுக்கும் வரம்பு வந்தது. விலையைக் குறைத்தால் நல்ல சரக்கு நாட்டுக்குள் வராது என்று கம்பெனிகள் சொல்லின. ஒன்றிரண்டு உயர்ரக ஸ்டென்ட்களைத் திரும்பப் பெறவும் பார்த்தார்கள். அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கு அதற்கான பணம் போக வேண்டும். ஆனால் என் தாளில் கோட்டைத் தாண்டி இருந்த 4,500 ரூபாயில் கண்டுபிடித்தவனுக்குப் போனது ஒரு ரூபாய்கூட இல்லை.

அந்த உத்தரவில் விலையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொரு வரி. ஸ்டென்ட் வைத்தால் அதன் விலை, பிராண்ட், தயாரித்த கம்பெனி, பேட்ச் எண் ஆகியவற்றை பில்லில் தனியாக எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லியிருந்தது. மண்ணு தனி, கரி தனி.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. புதுச்சேரியில், தவளக்குப்பத்து அரவிந்தில் செய்துகொண்டார். லென்ஸ் எது, என்ன விலை, ஏன் என்று கவுன்சிலிங் செய்த பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணும் சலிக்காமல் சொன்னாள்.

கண் லென்ஸ் இந்தியாவில் 2005 முதலே மருந்துச் சட்டத்தின் கீழ் வரும் கருவி. அதன் எம்.ஆர்.பி.யை ஒரே வருஷத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆனால் முதல் நாள் அட்டையில் எவ்வளவு அச்சடிக்கலாம் என்பதற்கு, ஸ்டென்ட்டுக்கு வந்ததுபோல உச்சவரம்பு வரவில்லை. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண் ஆபரேஷன் என்றால் மூன்று வரிசை அட்டையைப் பார்த்ததும் நடுவில் இருப்பதைக் கை காட்டிவிடாதீர்கள். சாதா லென்ஸ் இந்தக் கண்ணுக்குப் போதுமா என்று டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். பல கண்களுக்குப் போதும். லென்ஸுக்கு எவ்வளவு, தியேட்டருக்கு எவ்வளவு, டாக்டருக்கு எவ்வளவு என்று பிரித்து பில் வாங்குங்கள். லென்ஸ் பெட்டியின் ஒட்டுத்தாளை சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போங்கள். கீரைக்கார ஆயாவுக்கு யாரும் கூடப் போகவில்லை.